குடும்பப் படத்தில் ஒரு முக்கோணம்

பிப்ரவரி 4

என் அருமைச் சுண்டெலிக்கு,

ஒன்பது நாளாகப் போனை எடுக்கவில்லை நீ. முதல் மூன்று நாள் கடையில் வேலை மும்முரம் என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாள் போனைத் தண்ணீரில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன்; உனக்கு அது புதிதும் இல்லை. ஏழாவது நாள் மாப்பிள்ளைக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை. உன் மகள் மட்டும், “எல்லாரும் நல்லாருக்கோம் பெரியம்மா” என்று ஒரு வரி அனுப்பினாள். அந்த வாயாடி ஒரே வரியோடு நிறுத்தினால் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். என் கையெழுத்தைப் படிக்க வைப்பதுதான் உனக்கு நான் தரும் தண்டனை.

கட்டுரை வந்துவிட்டது! மாப்பிள்ளைக்கு அன்றே அனுப்பினேன். “புரியாட்டியும் பரவால்ல அண்ணி, கலர்ல பிரிண்ட் போட்டுப் பார்க்கிறேன்” என்று பதில் எழுதியிருந்தார். நீ படித்தாயா? படித்திருக்க மாட்டாய். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன், கொட்டாவி விடாமல் கேள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனியாக ஒரு மரபணுச் சுருள் உண்டு. அது அப்பாவிடமிருந்து வராது. அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அந்தச் சுருளிலிருந்து பதினாறே மணிகள் கோத்த ஒரு சின்னப் பெப்டைடு, அதாவது புரதத் துண்டு, உருவாகிறது. தசையிடம் போய், சர்க்கரையை எடுத்துச் செலவழி என்று சொல்வது அதன் வேலை. நம் வீட்டில் அந்தப் பதினாறில் ஒரு மணி மாறியிருக்கிறது. அம்மாவுக்கு, எனக்கு, உனக்கு. மாறிய பெப்டைடைத் தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினோம். ஓடும் பட்டையில் விட்டால் மற்ற எலிகளுக்கு முன்பே களைத்து உட்கார்ந்துவிடுகின்றன, மாடிப்படி ஏறும்போது அம்மா உட்காருவாளே, அப்படி.

சர்க்கரை முற்றி அம்மாவின் காலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம் சொன்னேனே, “ஏன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்” என்று. ஆறு வருஷம் ஆனது. விடவில்லை.

முதல் படமே நம் குடும்பம்தான். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். பெயர் கிடையாது, எண்தான். அம்மா ஒன்று, நான் இரண்டு, நீ மூன்று, உன் பாப்பா நான்கு. பேராசிரியர் பார்த்துவிட்டு, இவ்வளவு முழுமையான தாய்வழிப் படத்தை இதுவரை பார்த்ததில்லை என்றார். ஒரு புள்ளிகூட விடவில்லை நான்.

இனி அடுத்த பாகம். அம்மாவின் சுருள் இப்போது பாப்பாவிடம்தான் போய் நிற்கிறது. என்னோடு அது முடிந்தது. அவளுடைய பெப்டைடு அளவு தெரிந்தால், அம்மாவுக்கு வந்தது அவளுக்கு வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குழாய் ரத்தம். படிவம் உள்ளே இருக்கிறது, பெற்றவர் கையெழுத்து வேண்டும். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் எடுத்து ஐஸில் வைத்து அனுப்பச் சொல்.

போனை எடுடி.

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

போனில் பேச மாட்டேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ சமாதானப்படுத்துவாய். சமாதானம் ஆனதும் தப்பு என்னுடையது என்று ஆகியிருக்கும். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

நீ அனுப்பிய கட்டுரையை அவர் வெறும் பிரிண்ட் போட்டதோடு விடவில்லை. முதல் படத்தைத் தனியாக எடுத்து, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டப்போவதாகச் சொன்னார். “உங்க குடும்பம் ஆராய்ச்சிப் பத்திரிகைல வந்திருக்கு. நம்ம கடைல ஊர்ல இருக்கிறவன் கல்யாண ஃபோட்டோல்லாம் தொங்குது, இது தொங்கக் கூடாதா?” என்றார். தேக்கு நிறத்தில் சட்டம்கூட வெட்டிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய படங்களில் கறை, தூசி எல்லாம் இருக்கும். பிரிண்ட் போடுவதற்கு முன் அவர் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகத் துடைப்பார். அது அவர் பழக்கம். அன்றும் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். “இங்க வாயேன். உன் வட்டத்துக்குக் கீழ சின்னதா ஒரு அழுக்கு. துடைச்சிடட்டுமா, இல்ல இதுக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கா?” என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். பாப்பாவின் வட்டத்துக்கு இடதுபக்கம் ஒரு சின்ன முக்கோணம். குறுக்கே ஒரு கோடு. கீழே பொடி எழுத்தில் 20.

துடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதற்குள் அவர் படத்தின் அடியில் இருந்த விளக்கத்துக்கு இறங்கிவிட்டார். முக்கோணமும் குறுக்குக் கோடும் என்றால் கலைக்கப்பட்ட கர்ப்பம். அருகில் உள்ள எண், தாயின் வயது. தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய், உன் பேராசிரியர் உன்னைப் பாராட்டியதில் ஆச்சரியமே இல்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு இருபத்தைந்து. கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வெட்டிய சட்டத்தை எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். மறுநாள்தான் வாயைத் திறந்தார். “உங்க அக்காவுக்குத் தெரியும். அவங்க பேராசிரியருக்குத் தெரியும். பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியும். பதினாறு வருஷமா கூட இருக்கிற எனக்குத்தான் தெரியல.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தால் ஏழரை வரை ஒரே அறையில் இருக்கிறோம். பேப்பர் தீர்ந்தால் தீர்ந்தது என்பதைக்கூடப் பாப்பாவிடம் சொல்லி அனுப்புகிறார்.

ஒன்று கேட்கிறேன். நீ இரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து என் ரத்தத்தை எடுத்தாய். ஒன்பது பக்கப் படிவம் கொடுத்தாய். “சும்மா ஒரு கையெழுத்துடி, படிச்சா தூக்கம்தான் வரும்” என்றாய். அதில் கர்ப்பங்கள் எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். 1 என்று எழுதினேன். நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். ஆட்டினாயா இல்லையா?

அதை 2 என்று எப்போது மாற்றினாய்? விமானத்திலா?

உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பாப்பாவை இதில் இழுக்காதே.


மார்ச் 2

சுண்டெலி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாப்பிள்ளை இப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. அச்சில் அந்த முக்கோணம் எள்ளளவுதான் இருக்கும். உனக்கு இவ்வளவு கஷ்டம் வந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நான் செய்தது ஏன் என்று நீயும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். இது தாய்வழியாக மட்டும் போகிற விஷயம். அதனால் தாய்வழியில் உண்டான ஒவ்வொரு கர்ப்பமும் கணக்கில் வர வேண்டும், பிறந்தது, பிறக்காதது எல்லாமே. எத்தனை தங்கின, எத்தனை தங்கவில்லை, ஏன் தங்கவில்லை என்பதை வைத்துத்தான் இந்த மாற்றம் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று மற்றவர்கள் கணக்கிடுவார்கள். ஒருத்தி சொல்லக் கூச்சப்பட்டாள் என்பதற்காக ஒன்றை விட்டால் இன்னொரு நாட்டில் எவனோ ஒருவன் தப்பாகக் கணக்குப் போடுவான். தெரிந்தே விட்டால் அது மறதி இல்லை, பொய். என்னால் ஆய்வில் பொய் சொல்ல முடியாது. எலிக்கு எடை அரை கிராம் குறைந்தாலும் அப்படியே எழுதுகிறவள் நான், உனக்கே தெரியும்.

அன்று நான் தலையாட்டியது மாப்பிள்ளைக்காக. அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும், சொல்? இங்கே திரும்பி வந்து, உண்மை எதுவோ அதைப் பதிவு செய்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. மூன்றாம் எண் யார் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

நான் வேண்டுமானால் மாப்பிள்ளையிடம் பேசுகிறேன். அவர் நல்ல மனிதர். அந்த வயதில் உனக்கு என்ன நேர்ந்தது, அந்த ஆள் எப்படிக் கைகழுவிவிட்டுப் போனான், எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். நான்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், என்னைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

பாப்பாவின் ரத்தத்தைப் பற்றி மட்டும் கோபத்தில் முடிவெடுக்காதே. என் மேல் இருக்கிற ஆத்திரத்தை அவள் உடம்பின் மேல் காட்டலாமா? அம்மாவின் கடைசி வருஷத்தை நீயும்தானே பார்த்தாய். படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நீ அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம். என் கதையை என் புருஷனுக்கு நீ பக்குவமாக எடுத்துச் சொல்லும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதே போதும்.

உன் கடிதம் வந்த அன்று அவர் ஃபிரேம் கொடுக்க வெளியே போயிருந்தார். நானே கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். நான்கு மடங்கு பெரிதாக்கினேன். அவர் துடைப்பதுபோலவே மூலை மூலையாகப் போனேன். அம்மாவைப் பார்த்தேன், குறுக்கே கோடு போட்டிருந்தாய். என்னைப் பார்த்தேன். என் முக்கோணத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், இருபத்தொரு வருஷத்தில் முதல்முறையாக.

அதற்குப் பிறகு உன் வட்டத்துக்கு வந்தேன். எண் இரண்டு. அதற்குக் கீழே நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். வெள்ளைக் காகிதம்தான்.

எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன் அக்கா. தூசிகூட இல்லை.

நீல நாற்காலிகள் போட்ட வராந்தா. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. உனக்கு இருபத்தெட்டு, எனக்கு இருபத்துநாலு. என் இருபதில் நீ எனக்காக உட்கார்ந்திருந்தாய், இந்த முறை நான் உனக்காக உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரத்தில் உனக்கு விமானம். “இப்ப இது இருந்தா என் படிப்பு போச்சுடி” என்றாய். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “என்னடி முகமெல்லாம் வெளுத்திருக்கு?” என்று கேட்டாள். “வெயில்ல அலைஞ்சிட்டாம்மா” என்று நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து பதினேழு வருஷமாக நான் மூச்சு விட்டதில்லை. அம்மா சாகிறவரை, “மூத்தவளுக்கு ஒரு குழந்தைகூட உண்டாகலையே” என்று புலம்பினாளே, அப்போதும் விடவில்லை.

ஒன்றை விட்டால் பொய் என்கிறாய். ஒரு புள்ளிகூட விடவில்லை என்கிறாய். அரை கிராம் குறைந்தாலும் எழுதுகிறவள் என்கிறாய். நெஞ்சில் கை வைத்துச் சொல். உன் கட்டத்தில் நீ என்ன எண் எழுதினாய்?


மார்ச் 29

சுண்டெலி,

0.

மூன்று நாளாக இந்த ஒரு எண்ணை எழுதுவதற்குத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். படத்தை வரைந்தபோது முதலில் இரண்டையும் போட்டேன். உன்னுடையதையும், என்னுடையதையும். மறுநாள் ஆய்வகக் கூட்டத்தில் படத்தைத் திரையில் காட்ட வேண்டியிருந்தது. நான் என் சொந்தக் குடும்பத்தைத்தான் ஆராய்கிறேன் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மதியம் சாப்பிடும்போது என்னை இரண்டாம் நம்பர் என்றுதான் கிண்டல் செய்வார்கள். எலிக்கூண்டு கழுவுகிறவருக்குக்கூட அது தெரியும். அந்தத் திரையில், அந்த எண்ணுக்குக் கீழே, 28 என்று போட்டுவிட்டு, அவர்களோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்? கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அழித்தேன்.

உன்னுடையதை அழிக்கத் தோன்றவில்லை. உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. அதனால் சுலபமாக இருந்தது. இதை எழுதும்போதுதான் எவ்வளவு சுலபமாக இருந்தது என்று எனக்கே உறைக்கிறது.

பேராசிரியர் முழுமை என்று பாராட்டியபோது உன் முக்கோணத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். குடும்பத்தார் மறைக்கிற விஷயத்தைக்கூட வாங்கியிருக்கிறாள் பாருங்கள் என்றார். நான் சிரித்தேன்.

இனி என்ன செய்யட்டும்? பத்திரிகைக்கு எழுதி, படம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லலாம். அதில் என்னோடு ஏழு பேர் இருக்கிறார்கள். என் வேலை நிரந்தரமாவதும் இந்த வருஷம்தான். எழுதாமல் விட்டால் நான் தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும், நடைபாதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீ சொல். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன். எழுது என்றால் எழுதுகிறேன். உன் கையில் விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை பேசுகிறாரா?

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

என் கையில் விட்டாயாம். எழுது என்று நான் சொன்னால் தங்கை என் வாழ்க்கையைக் கெடுத்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொன்னால் தங்கையே மன்னித்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். முடிவை என் தலையில் கட்டாதே. உன் எண், உன் வட்டம், நீயே பார்த்துக்கொள்.

நான் யாருக்கும் எழுத மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நீ தபால்காரரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். பத்திரிகை முகவரியைக்கூடக் காகிதத்தில் எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை.

பாப்பாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க எங்கள் டாக்டரிடம் ஏற்பாடு செய்துவிட்டேன். அவள் உடம்பை நான் பார்த்துக்கொள்வேன். உன் குழாய்க்குள் அவள் வர மாட்டாள். என் ரத்தத்தை இனி எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று கையெழுத்துப் போட்ட கடிதம் இதோடு இருக்கிறது. உன் உறைபெட்டியில் மூன்று என்று ஒட்டி வைத்திருக்கும் குழாய்களை எடுத்துக் கொட்டிவிடு. இந்தத் தடவை ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று எட்டாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். தூக்கம் வரவில்லை.

கேட்டாயே, பேசுகிறார். பன்னிரண்டு நாளாகப் பேசுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “நடந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. அப்ப நான் யாரோ, நீ யாரோ. ஆனா இவ்வளவு நாளா என்கிட்ட சொல்ல முடியாதவனா என்னை நினைச்சியே, அதுதான் தாங்கல. இனிமே என்கிட்ட பொய் மட்டும் சொல்லாத. கேட்டா உள்ளதைச் சொல்லு. அது போதும்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று என்னிடமே சொன்னார். அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குச் சொன்னாலும் புரியாது.

நேற்று அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை திறந்தார். என் முக்கோணத்தில் அவர் நிற்கவில்லை, அதைத் தாண்டிப் போய்விட்டார். உன் வட்டத்தின் கீழே வந்து நின்றார். அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டு, “பாவம், உங்க அக்காவுக்கு ஒண்ணுமே உண்டாகலையா? எப்பவுமே?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. தனியாக இருக்கிறாளே என்ற இரக்கத்தில்தான் கேட்டார்.

சத்தியம் செய்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. என் கை அவர் தோளில் இருந்தது.

“இல்ல” என்றேன்.

“ம்” என்று தலையாட்டிவிட்டுக் கோப்பை அழித்தார்.

நம்பிவிட்டார், அக்கா.